நாற்பத்தேழில் நின்ற திரை

யாராவது "ஹேங் ஆயிடுச்சு" என்று சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். இத்தனை வருடத் தொழிலில் அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எப்போது நின்றது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, திரையில் என்ன தெரிகிறது என்று திருப்பிக் கேட்டால் ஒருவர் வாயும் திறக்காது. வாயில் கொழுக்கட்டை. அதனால் நானும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. பெரும்பாலும் அதற்குப் பிறகு கூப்பிடமாட்டார்கள், எனக்கும் நிம்மதி. அந்தப் பதிலாலும், அதைச் சொன்னதையே நான் மறந்துபோனதாலும், சாந்தன்பாறையில் ஒரு பெண்ணுக்கு இருந்த வேலையும் போயிற்று, பேரும் போயிற்று. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு கோபாலபுரம் செக்போஸ்டுக்குக் கேரளத்துப் பக்கம், தோப்புக்குள் இருக்கிறது. அங்கே ஓர் அறையில் உட்கார்ந்து சின்னச் சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்கிறேன். கோழிப்பண்ணைக்கு ஒன்று, குளிர்பதனக் கிடங்குக்கு ஒன்று என்று ஆளுக்கு ஏற்றபடி. உள்ளே ஓடும் புரோகிராமும் நான் எழுதுவதுதான். "பொட்டி செய்யற புள்ள" என்று ஊரில் பேர். நாற்பது வயதாகியும் புள்ளதான், என்ன செய்ய. கேரள மலையில் சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றின் முதலாளி, போடிக்காரர், யாரோ சொல்லித் தம் ஸ்டோருக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று வந்தார்.

ஸ்டோர் என்று மலையில் சொல்வது ஏலக்காய் காயவைக்கும் கட்டடத்தை. வெளியே விறகடுப்பு, உள்ளே சூடு ஓடும் இரும்புக் குழாய்கள், அதற்கு மேலே தட்டுத் தட்டாகப் பச்சைக்காய். சூடு குறைந்தால் காய் புழுங்கும். ஏறினால் வெளுத்து வாய் பிளக்கும். நிறம் போன காயை வாங்க வருகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். என் பெட்டி அரை நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளே இருக்கும் சூட்டைப் பார்த்துத் திரையில் காட்டும். காற்றுத் தகட்டைத் திறக்கும், மூடும். பெட்டிக்குள்ளேயே ஒரு சிம் கார்டு உண்டு. மணிக்கு ஒரு தடவை முதலாளியின் போனுக்கு மெசேஜ் போகும். விறகு தள்ளுவது மட்டும் மனிதர் வேலை. திரையில் எண் இறங்கினால் விறகு, ஏறினால் சும்மா நிற்க வேண்டும்.

அந்த வேலையைப் பார்த்தவர் ஓர் அக்கா. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கம்பம் பக்கத்துப் பூர்வீகம், பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். ஸ்டோர் வேலை கூரைக்குக் கீழே நிற்கிற வேலை. மழையும் அட்டையும் கிடையாது. பொதுவாக ஆண்களுக்குத்தான் கொடுப்பார்கள். பல வருடம் காட்டில் காயெடுத்த பிறகு அது அவருக்குக் கிடைத்திருந்தது. பெட்டியை மாட்டிய அன்று திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல மணி தெரியாதா மேடம்?" என்று கேட்டார்.

"போன்லதான் மணி இருக்குதுல்லங்க்கா," என்றேன். பெரிய புத்திசாலித்தனமாகப் பேசிவிட்டதாக நினைப்பு. திரையில் இடமும் இருந்தது. நேரம் காட்ட நாலு வரி எழுதினால் போதும். நான் எழுதவில்லை.

ஆவணியில் ஒரு நாள் காலை முதலாளி கூப்பிட்டார். நான் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிட்டு நின்றிருந்தேன். அவர் பத்து நாளாகப் பழனி, திருச்செந்தூர் என்று குடும்பத்தோடு சுற்றிவிட்டு வந்திருந்தார். அந்தப் பத்து நாளுக்கு முன்பு, அவர் கிளம்பிய அன்று மதியம், ஒரு அடைப்புக் காய், அதாவது ஒரே தடவையில் உள்ளே போட்டு அடைத்த காய் முழுவதும், ஸ்டோரில் வெளுத்துப் போயிருக்கிறது.

"ஏம்மா, ஒங்க பெட்டிய எப்ப ஆஃப் பண்ணாக, எப்ப ஆன் பண்ணாகன்னு அதுல பதிவாகுமா?" என்றார்.

"ஆவுங்க. எல்லாம் பதிவாவும்." அந்தப் பதிவுகள் தினமும் என் லேப்டாப்புக்கு வந்துவிடும். தோசைக்கல்லை இறக்கிவிட்டு எடுத்துப் பார்த்தேன். "ரெண்டே பத்துக்கு அப்பறம் ஒண்ணுமே இல்லீங்க. நாலேகாலுக்கு ஸ்விட்ச் போட்டிருக்காங்க."

"எனக்கும் அன்னைக்கு ரெண்டு மணிக்கு மேல அஞ்சு மணி வரைக்கும் மெசேஜே வரல. அப்ப நடுவுல?"

"நடுவுல பொட்டி ஓடலைன்னுதானுங்க அர்த்தம். கையில ஆஃப் பண்ணியிருக்காங்க."

"நீங்கதான் ஆஃப் பண்ணச் சொன்னீகளாமே?"

"நானா? நா எதுக்குங்க சொல்லப்போறேன்? நா யாருகிட்டயும் பேசவே இல்லீங்களே."

அவர் குரலுக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை. சரிம்மா என்று வைத்துவிட்டார். நான் தோசை வார்க்கப் போனேன். அக்காவை மறுநாளே ஸ்டோரிலிருந்து எடுத்துக் காயெடுக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டார் என்பது பிறகு பேச்சுவாக்கில் தெரிந்தது. பெட்டியை அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறாள், கண்காணிப்பு வேண்டாம் என்று அணைத்திருக்கிறாள் என்றார் முதலாளி. இப்படியும் செய்வார்களா என்று நானும் உச்சுக் கொட்டினேன். என் பெட்டிமேல் பழி வரவில்லை என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி கூட இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஐப்பசியில் மறுபடி போன். இந்தத் தடவை முதலாளி கத்தினார். ஸ்டோரை இப்போது அவரேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பகல் பதினொன்றரைக்குத் தாமே விறகு தள்ளிக்கொண்டு நிற்கையில் எண் அப்படியே நின்றுபோயிருக்கிறது. அதை உணர அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்றாம். காய் பாதி போயிற்று.

"நானே நின்னேன்மா! என் கண்ணு முன்னால! நான் ஒண்ணும் தூங்கலையே!"

"ஆஃப் பண்ணி ஆன்..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் பண்ணியாச்சு! நீங்க கெளம்பி வாங்க!"

கிளம்பினேன். பொள்ளாச்சி, உடுமலை, தேனி, போடி என்று பஸ் மாறி மாறி, மெட்டு மலை ஏறி, பூப்பாறை வழியாகத் தோட்டம் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. வழியெல்லாம் ஒரே எண்ணம். முதலாளி நிற்கும்போதே நின்றுபோயிருக்கிறது என்றால், அன்றைக்கும்? நினைப்பை அதற்குமேல் போக விடவில்லை. முதலில் பெட்டியைப் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டேன். போய் இறங்கியதும் முதலாளியிடம் அக்காவைப் பற்றி மெதுவாகக் கேட்டும் பார்த்தேன். "அது வேற, இது வேற," என்றுவிட்டார். நானும் அதோடு விட்டேன்.

இந்த மாதிரிக் கோளாறை நின்றபடியே பிடிக்க வேண்டும். அணைத்துப் போட்டால் எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். எந்த வரியில் நின்றது, எதற்காக நின்றது என்பதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் நினைவில்தான் இருக்கும். மின்சாரம் போனால் அதுவும் போகும். நான் ஊரெல்லாம் சொல்லிவந்த வைத்தியம் சாட்சியை அழிக்கிற வைத்தியம். இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். போனில் பேசும்போது நினைவுக்கு வராது, அவ்வளவுதான். முதலாளியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "நின்னா ஸ்விட்சைத் தொடவே கூடாதுங்க. நா பாத்துச் சொல்ற வரைக்கும்."

லேப்டாப்பைப் பெட்டியோடு வயரால் இணைத்துவிட்டு, ஸ்டோர் வாசலில் ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்தேன். முதல் நாள் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. எண்கள் சமர்த்தாக மாறின. முதலாளி வந்து வந்து எட்டிப் பார்த்தார். "நீங்க வந்ததும் ஒழுங்கா ஓடுது பாருங்க," என்று குத்தலாகச் சொன்னார். எனக்கு மண்டை காய்ந்தது. ஸ்டோருக்குக் கீழே சரிவில் பெண்கள் காயெடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் அங்கே குனிந்திருந்தார். என்னைப் பார்த்தார், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். நானும் லேப்டாப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலையிலிருந்து காற்று. பத்தே முக்காலுக்குக் கரண்ட் போயிற்று. மலையில் காற்றடித்தால் கரண்ட் போவது புதிதல்ல. ஜெனரேட்டர் மின்விசிறியை ஓட்டும், என் பெட்டிக்குத் தனி பேட்டரி உண்டு. கொஞ்ச நேரத்தில், பெண்களில் ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறிப்போனாள். இங்கே கரண்ட் போனால் பத்து நிமிடத்தில் இந்தப் பக்கத்து டவர் படுத்துக்கொள்ளுமாம். பாறைமேல் நின்றால் கீழே தமிழ்நாட்டுப் பக்கத்து டவர் பிடிக்கும். முதலாளிதான் சொன்னார். நான் சும்மா தலையாட்டினேன். திரையில் நாற்பத்தேழு.

அடுத்த முறை பார்த்தபோதும் நாற்பத்தேழு. அதற்கடுத்தும். நாற்பத்தேழு ஒரு தப்பான எண்ணே அல்ல. காய்க்கு ஏற்ற சூடுதான். திரை அணையவில்லை, சிவப்பு விளக்கு எரியவில்லை. நின்றுபோனதும் நன்றாக ஓடுவதும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தன. என் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்துத்தான் நிச்சயம் செய்துகொண்டேன். நாலு நிமிடமாக எண் மாறவில்லை.

"நின்னுருச்சுங்க!" என்று கத்தினேன். சந்தோஷத்தில்தான் கத்தினேன், வெட்கமாக இருக்கிறது.

முதலாளி ஓடிவந்து ஸ்விட்சுக்குக் கை நீட்டினார். நான் குறுக்கே நின்றேன்.

"தொடாதீங்க! சொன்னனில்ல!"

"யம்மா, உள்ள காயி வேகுது! ஒரு அடைப்பு ஏற்கெனவே போச்சு!"

"தொட்டீங்கன்னா அடுத்த அடைப்பும் போவும், அதுக்கடுத்ததும் போவும். எனக்கு அரை மணி நேரம் குடுங்க."

"அதுவரைக்கும் சூட்ட யாரு பாக்குறது? நீங்களா?"

அவருக்குத் திரை இல்லாமல் ஒன்றும் தெரியாது, எனக்குத் திரை இருந்தாலும் தெரியாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் வாசலுக்குப் போய்ச் சரிவைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஏய், இங்கிட்டு வா! வெரசா வா!"

அக்கா இடுப்புக் கூடையை அவிழ்க்காமலே ஏறி வந்தார். உள்ளே போய் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் கையை விட்டுப் பார்த்தார். அடுப்பிலிருந்து இரண்டு கட்டையை வெளியே இழுத்துப் போட்டார். காற்றுத் தகட்டைக் கையாலேயே பாதி திறந்தார்.

"நீங்க ஒங்க ஜோலியப் பாருங்க," என்றார். அது எனக்கா முதலாளிக்கா தெரியவில்லை. நான் உட்கார்ந்தேன்.

புரோகிராம் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இருந்தது. நின்றுபோன புரோகிராம் சாவதில்லை. எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கும். எதற்காக என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஓடுகிற புரோகிராமைக் கலைக்காமல், அது அந்த நிமிடம் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறது என்று காட்டும் கருவி இருக்கிறது. நன்றாக ஓடும்போது வரிகள் மளமளவென்று கொட்டும். இப்போது ஒரே ஒரு வரி வந்தது. அதுவும் பாதி வரி. ஏதோ ஒரு பூட்டு திறக்கட்டும் என்று கேட்டுவிட்டு, பதில் வராமல் அப்படியே நின்றிருந்தது.

என் புரோகிராமில் இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும். ஒன்று சூட்டைப் பார்ப்பது, இன்னொன்று மெசேஜ் அனுப்புவது. இரண்டும் ஒரே பதிவேட்டில் எழுதும். ஒன்று எழுதும்போது இன்னொன்று நுழையக் கூடாது என்று நான்தான் பூட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு வேலையும் எந்த வரியில் நிற்கிறது என்று தனித்தனியாக எடுத்துப் பார்த்தேன். சூடு பார்க்கும் வேலை பூட்டுக்காக நின்றிருந்தது. பூட்டை வைத்திருந்தது மெசேஜ் அனுப்பும் வேலை. அது எதற்காக நின்றிருக்கிறது? சிம் இருக்கும் மோடத்திடம் மெசேஜைக் கொடுத்துவிட்டு, "போய்ச் சேர்ந்தது" என்ற பதிலுக்காக நின்றிருந்தது. பூட்டை இடுப்பில் செருகிக்கொண்டே.

பதில் ஏன் வரவில்லை? மோடத்தைத் தனியாகக் கேட்டேன். கூரைமேல் நீட்டியிருந்த ஆன்டெனாவால் அது ஏற்கெனவே தமிழ்நாட்டுப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாக இருந்தது. பத்து ஐம்பத்தெட்டுக்கு இந்தப் பக்கத்து டவர் படுத்திருக்கிறது. மெசேஜ் கிளம்பியது அதே சமயத்தில். டவர் மாறுகிற அந்த இடைவெளியில் மெசேஜும் போயிற்று, அதற்கான பதிலும் போயிற்று. என் புரோகிராம் மட்டும் நின்றுகொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று குறிக்க வேண்டிய இடத்தில் நான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒன்றும் எழுதாவிட்டால், எப்போதும் என்று அர்த்தம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே சிரிப்பு நின்றது. செக்போஸ்ட் பக்கத்தில் பிறந்தவள் நான். பஸ்ஸில் போனில் பேசிக்கொண்டு போனால் செக்போஸ்ட் வரும் முன்பே, "தாண்டிட்டுக் கூப்படறனுங்க" என்று வைத்துவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். இந்த டவர் விட்டு அந்த டவர் பிடிப்பதற்குள் லைன் அறுந்துவிடும். கல்யாணப் பேச்சானாலும் ஆஸ்பத்திரிச் சேதியானாலும் கோபாலபுரத்தில் ஒரு நிமிடம் நின்றுதான் போகும். பதில் வராவிட்டால் தாண்டிவிட்டு மறுபடி கூப்பிடு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் புரோகிராமுக்கு நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் வீட்டு அறையில், ஒரே டவருக்குக் கீழே வைத்து, ஓடுகிறது ஓடுகிறது என்று சோதித்து அனுப்பிவிட்டேன்.

செக்போஸ்ட் என்று நினைத்ததும் தூக்கிவாரிப் போட்டது. பொள்ளாச்சி பஸ். ஜன்னலோரம். மடியில் ஒரு கோழிப்பண்ணைப் பெட்டி. பெயர் தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் குரல்.

"மேடம், நாப்பத்தேழுலயே நிக்கிது. கரண்ட் போனதுல இருந்து இப்படித்தான் இருக்கு. எம்புட்டு வெறகு தள்ளுனாலும் ஏற மாட்டேங்குது. ஆனா உள்ள வாசம் மாறுது மேடம்."

எப்போது நின்றது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, திரையில் என்ன தெரிகிறது. நான் ஆயுசு முழுக்க ஜனங்களிடம் கேட்டுக் கிடைக்காத மூன்றையும் அந்தக் குரல் வரிசையாகச் சொல்லியிருக்கிறது. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, சரியாயிருமுங்க. செக்போஸ்ட் வருது, லைன் போயிரும், தாண்டிட்டுக் கூப்படறேன்." தாண்டினேன். கூப்பிடவில்லை. கோழிப்பண்ணைக்காரரோடு எந்தக் காற்றாடி எந்தப் பக்கம் என்று சண்டை போடப் போய்விட்டேன்.

போனை எடுத்தேன். "அக்கா, உங்க நம்பர்ல இருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க," என்றேன். அடுப்பு வாயிலிருந்து அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பாறைமேல் ஏறி நின்று கூப்பிட்டுவிட்டு இறங்கி வந்தார். நானும் பின்னாலேயே பாறையில் பாதி ஏறி நின்றேன், போன் அடித்தது. அந்த நம்பரைத் தொட்டதும் அதற்குக் கீழே பழையது வந்தது. ஆவணியில் ஒரு நாள். நாலு மணி பத்து. ஒரு நிமிடம் சொச்சம்.

இதற்குள் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நிறுத்திப் போடலாம் என்றேன். பெட்டி உயிர் பெற்றதும் திரையில் நாற்பத்தெட்டு வந்தது. முக்கால் மணி நேரம் அக்கா வெறும் கையாலேயே சூட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். முதலாளி தட்டிலிருந்து நாலு காயை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்து மூச்சு விட்டார்.

"என்னம்மா கோளாறு?"

"டவர்தானுங்க," என்றேன்.

பொய் இல்லை. டவரும்தான். அவர் தலையாட்டி, "இந்த டவரு சனியன் இருக்கே..." என்று ஆரம்பித்துவிட்டார். அப்படியே விட்டிருந்தால் முடிந்திருக்கும். புரோகிராமைத் திருத்திக் கொடுத்துவிட்டு மாலை பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். அந்த எண்ணம் வந்தது, ஒரு வாய் சாயா குடிக்கும் நேரம் இருந்தது என்பதை எழுதாமல் விட்டால் இதையெல்லாம் எழுதி என்ன பிரயோஜனம்.

அக்கா கைகளைச் சாக்கில் துடைத்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கும் இதுதானா மேடம்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. காய் காய்ந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

அதற்குமேல் தாங்கவில்லை. சொன்னேன். முதலாளியைப் பார்த்துச் சொன்னேன், அக்காவைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு இரண்டே பத்துக்கு யாரும் பெட்டியை அணைக்கவில்லை, என் புரோகிராம்தான் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறது. பதிவேடு காலியாக இருந்ததற்குக் காரணம் பூட்டு. எண் ஏறாததால்தான் அவர் விறகு தள்ளியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டார், நான்தான் ஆஃப் பண்ணச் சொன்னேன். சொல்லிவிட்டு மறந்துபோனேன். மறந்துபோய், சொல்லவே இல்லை என்று உங்களிடம் சாதித்தேன். போனை நீட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த ஒரு நிமிடம் சொச்சத்தைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"சரி, நடந்தது நடந்துபோச்சு," என்றார் கடைசியில். "நாளைல இருந்து நீ ஸ்டோருக்கே வந்துரு."

"ஸ்டோரு கெடக்கட்டும் மொதலாளி," என்றார் அக்கா. "இந்த மேடம் அன்னைக்கு எங்க வச்சுச் சொன்னாகளோ அங்க வந்து சொல்லட்டும்."

எனக்குப் புரியவில்லை. நான் என் வீட்டுச் சமையலறையில் நின்றல்லவா சொன்னேன்?

"பெரட்டுல ஸ்பீக்கர்ல போட்டாக மேடம்." பெரட்டு என்பது காலையில் ஆட்கள் எல்லாரும் வரிசையாக நின்று வேலை வாங்கிப் போகிற இடம். "மேடந்தான் சொன்னாகன்னு நான் மொதலாளிகிட்ட அடிச்சுச் சொன்னேன். அப்ப எல்லாரு முன்னாலயும் கேட்டுப்புடுவோம்னு போனப் போட்டாக. நாப்பது பேரு கேட்டாக. நா யாருகிட்டயும் பேசவே இல்லீங்களேன்னு நீங்க சொன்னது, இன்னும் என் காதுல இருக்கு."

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னையில இருந்து எம் பேரு என்ன தெரியுமா? ஸ்விட்சு. லயத்துல தண்ணி புடிக்கப் போனா, ஸ்விட்சு வந்துருச்சு, வழிய விடுங்கன்றாக. நேத்துக்கூட ஒருத்தி, இன்ஜினியரம்மா வந்துருக்காக, பொட்டிய அமத்திறாதன்னு சொல்லிச் சிரிச்சா. அதான் ஒங்க மொகத்தப் பாக்கல."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிச்சுக்குங்க்கா என்றேன். அவர் கூடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார், பாக்கிக் காயை எடுக்க.

அன்று மாலைக்குள் புரோகிராமைத் திருத்தினேன். மோடத்தின் பதிலுக்கு இருபது விநாடி, வராவிட்டால் விட்டுவிட்டு மறுபடி முயற்சி. பூட்டை வைத்துக்கொண்டு யாரும் எதற்காகவும் நிற்கக் கூடாது. திரையின் மூலையில் மணி. விநாடி ஓடுவது தெரிகிற மாதிரி. கரண்ட் போகக் காத்திராமல், மோடத்தை நானே ஐந்தாறு தடவை டவர் மாற்றிப் பார்த்தேன். நிற்கவில்லை. வழக்கமாக இந்த மாதிரி ஒன்றைப் பிடித்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஏழேகாலுக்குப் பெரட்டுக்குப் போனேன். கோடை காலத்தில்கூட அங்கே குளிரும், ஐப்பசியில் கேட்கவே வேண்டாம். மூடுபனியில் முன்வரிசை மட்டும்தான் முகமாகத் தெரிந்தது. பின்னால் தலைமுக்காடும் பிளாஸ்டிக் தாளும்தான். அக்கா எங்கே நிற்கிறார் என்று தேடினேன், தெரியவில்லை. முதலாளி, "இந்தம்மா ஒண்ணு சொல்லணுமாம்," என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாம் போயிற்று. "அன்னிக்குப் போன்ல நா சொன்னது தப்புங்க," என்று ஆரம்பித்தேன். "பொட்டிய அவங்க அணைக்கல. அது தானா நின்னுருச்சு. அதுக்கப்பறம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு சொன்னது நாந்தானுங்க. சொல்லிப்போட்டு மறந்துட்டேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க." குரல் இறங்கி இறங்கிக் கடைசி வார்த்தை எனக்கே கேட்கவில்லை. கிளம்பிவிடலாமா என்று திரும்பினேன்.

பனிக்குள்ளிருந்து, பின்வரிசையிலிருந்து, அந்தக் குரல் வந்தது.

"கேக்கல மேடம். அன்னைக்குப் போன்ல நல்லாக் கேட்டுச்சு."

நான் திரும்பி நின்று, முதலிலிருந்து மறுபடி சொன்னேன், சத்தமாக.